கூரையிலிருந்து காருக்கு: காவிரிப் படுகை வீடுகளில் சூரிய மின்சாரமும் பேட்டரிச் சேமிப்பும்

மின்கார் வாங்கியவர்களும் வாங்க எண்ணியிருப்பவர்களும் அதைத் தம் வீட்டுக் கூரையில் கிடைக்கும் சூரிய மின்சாரத்தைக் கொண்டே சார்ஜ் செய்துகொள்வதற்கான வழி இவ்வியலில் விளக்கப்படுகிறது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் மண், மழை, வீட்டமைப்பு ஆகியவற்றை மனத்தில் கொண்டே இதன் கணக்குகளும் எச்சரிக்கைகளும் அமைந்துள்ளன. வேறு நிலத்துக்கென எழுதப்பட்ட குறிப்புகளில் ஐப்பசி அடைமழைக்கும் அறுவடைத் தூசிக்கும் கடலோர உப்புக் காற்றுக்கும் இடமிருப்பதில்லை. வயரிங் வேலைகளை உரிமம் பெற்ற மின்பணியாளரே செய்ய வேண்டும். எதை, எந்த வரிசையில், எந்த அளவில் செய்யச் சொல்வது என்பதையும், முடிந்த வேலையை எவ்வாறு சரிபார்ப்பது என்பதையும் வீட்டுக்காரர் அறிந்திருக்க வேண்டும்.

நண்பகலில் கார் எங்கே நிற்கிறது?

சூரியத் தகடுகளுக்கும் பேட்டரிக்கும் விலை கேட்பதற்கு முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி இது. ஒரு நாளின் சூரிய மின் உற்பத்தியில் பெரும்பகுதி காலை 10 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் இடையில்தான் கிடைக்கிறது. அந்நேரத்தில் கார் வீட்டில் நிற்குமானால், தகட்டில் உண்டாகும் மின்சாரம் நேராகக் காருக்குள் இறங்கிவிடும். காரின் பேட்டரியே சேமிப்பாக அமைந்துவிடுவதால் அதற்கென வேறொரு பேட்டரி தேவைப்படாது. கார் பகல் முழுவதும் கும்பகோணத்திலோ திருச்சியிலோ அலுவலக வாசலில் நிற்குமானால், நெட் மீட்டர் அந்த வேலையைச் செய்கிறது. வீட்டில் மிஞ்சி மின்வாரியக் கம்பிக்குச் செல்லும் மின்சாரத்தையும், அங்கிருந்து வீட்டுக்கு வரும் மின்சாரத்தையும் தனித்தனியே பதிவுசெய்து, ஒன்றை மற்றொன்றுக்கு ஈடுசெய்ய உதவும் இருவழி மீட்டரே நெட் மீட்டர் எனப்படுகிறது. பகலில் அனுப்பியதை இரவில் காருக்கு வாங்கிக்கொள்ளலாம். விடுமுறை நாள்களில் நேரடியாகவே நிரப்பிக்கொள்ளலாம்.

பகலில் வீட்டுப் பேட்டரியை நிரப்பிவைத்து, இரவில் அதிலிருந்து காரை நிரப்புவது பலருடைய முதல் எண்ணமாக இருக்கிறது. கணக்கு அதற்கு இடந்தருவதில்லை. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-மணி கொண்ட லித்தியம் பேட்டரியின் கொள்ளளவு சுமார் 5 யூனிட். அதில் ஆயுள் கெடாமல் எடுக்கத்தக்கது நாலேகால் யூனிட் அளவு. இன்வெர்ட்டரிலும் கார் சார்ஜரிலும் ஏற்படும் இழப்பைக் கழித்தால் காருக்குள் போய்ச் சேருவது மூன்றரை யூனிட்டை ஒட்டியே இருக்கும். சிறிய கார் அதைக் கொண்டு சுமார் 25 கிலோமீட்டர் ஓடும். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணத்துக்கு ஒருவழிப் பயணத்துக்கே அது போதாது. எனவே காருக்காக வீட்டுப் பேட்டரி வாங்குவது வீண்செலவு. மின்தடையின்போது விளக்கு, மின்விசிறி, குளிர்பதனப் பெட்டி, தண்ணீர் மோட்டார் ஆகியவை இயங்குவதற்காக அதை வாங்குவதே தக்கது. இவ்வியலின் பிற பகுதிகள் யாவும் இந்த முடிவின் மேல் நின்றே எழுதப்பட்டுள்ளன.

தேவையைக் கணக்கிடும் முறை

1. கார் ஒரு நாளில் சராசரியாக ஓடும் தொலைவை ஒரு மாதக் குறிப்பிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். நீண்ட பயணங்களைச் சேர்க்க வேண்டாம். அவற்றுக்கு நெடுஞ்சாலைச் சார்ஜிங் நிலையங்கள் உள்ளன.

2. அத்தொலைவை 7-ஆல் வகுக்க வேண்டும். சிறிய மின்கார் ஒன்று குளிர்சாதனம் இயங்கும் நிலையில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 7 கிலோமீட்டர் ஓடும் என்பது திட்டமிடுவதற்குப் போதுமான அளவு. சார்ஜ் ஏறும்போது ஏற்படும் இழப்புக்கென எட்டில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ள வேண்டும். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் சென்று திரும்பும் 80 கிலோமீட்டருக்கு இவ்வாறு சுமார் 13 யூனிட் தேவைப்படும்.

3. வீட்டின் இருமாத மின்கட்டண அட்டையில் உள்ள பயன்பாட்டை 60-ஆல் வகுத்து அதனுடன் சேர்க்க வேண்டும். இருமாதத்துக்கு 480 யூனிட் செலவிடும் வீட்டுக்கு நாளொன்றுக்கு 8 யூனிட்.

4. மொத்தத்தை 4-ஆல் வகுத்தால் தகடுகளின் திறன் கிலோவாட்டில் கிடைக்கும். ஒரு கிலோவாட் தகடு ஆண்டுச் சராசரியில் நாளொன்றுக்கு 4 யூனிட் அளவுக்குத் தருகிறது. மேற்கண்ட வீட்டுக்கு 5 கிலோவாட் பொருந்தும். கார் உள்ளூரிலேயே 30 கிலோமீட்டர் ஓடினால் 3 கிலோவாட்டே பெரும்பாலும் போதும்.

ஒரு கிலோவாட்டுக்கு நடைவழியும் சேர்த்து 80 முதல் 100 சதுர அடி நிழலற்ற இடம் வேண்டும். நிழலைப் பார்ப்பதில் தஞ்சை வட்டாரத்தில் நேரும் பொதுவான தவறு, தென்னையை மறந்துவிடுவது. சித்திரையில் தகட்டைத் தொடாத தென்னையின் நிழல், சூரியன் தெற்கே சாய்ந்து செல்லும் மார்கழியில் கூரையின் நடுவரை நீளும். ஒரே ஒரு மட்டையின் நிழல் விழுந்தாலும், தொடராக இணைக்கப்பட்ட தகட்டு வரிசை முழுவதன் உற்பத்தியும் குறையும். ஆகையால் கூரையை டிசம்பர் மாதத்தில் ஒருமுறை காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் பார்த்துவிட்டு இடத்தை முடிவுசெய்வது நல்லது.

கணக்கிட்ட பின்னும் தயங்குபவர்கள் மின்கட்டணப் படிநிலையைப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு இருமாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், அடுத்த 100 யூனிட்டுக்குக் கிடைத்துவந்த மிகக் குறைந்த விலையும் கைநழுவிப்போய், மேற்படிகளின் விலை ஏறிக்கொண்டே செல்கிறது. நாளுக்கு 13 யூனிட் வாங்கும் கார் இருமாதத்தில் 780 யூனிட்டைக் கூட்டுகிறது. 480 யூனிட் வீடு 1,260 யூனிட் வீடாகிவிடுகிறது. சூரிய மின்சாரம் முதலில் குறைப்பது இந்த உயர்ந்த படிகளைத்தான்.

மானியமும் விண்ணப்பமும்

2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பிரதமரின் சூர்யகர் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு ரூ.30,000, மூன்றாவது கிலோவாட்டுக்கு ரூ.18,000 என மானியம் கணக்கிடப்படுகிறது. 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் அமைப்பவர்களுக்கு ரூ.78,000 உச்சவரம்பு. இந்தியாவில் தயாரான கலங்களைக் கொண்ட தகடுகளுக்கே அது கிடைக்கும். மானியம் தகட்டின் திறனைப் பொறுத்தது, பேட்டரிக்கெனத் தனித்தொகை இல்லை. மின் இணைப்பு எண்ணைக் கொண்டு திட்டத்தின் தேசிய இணையதளத்தில் பதிவுசெய்து, அங்கே பட்டியலிடப்பட்ட நிறுவனம் ஒன்றைத் தேர்ந்து, பணி முடிந்து நெட் மீட்டர் பொருத்தப்பட்ட பின் வங்கி விவரத்தை அளிக்க வேண்டும். முன்பணம் கொடுப்பதற்குள் தகட்டின் வகையை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிவிட வேண்டும்.

வீட்டிலேயே, இருக்கும் மின் இணைப்பைக் கொண்டே காரைச் சார்ஜ் செய்யலாம் என்பதை ஒன்றிய மின்துறை 2022 ஜனவரியில் வெளியிட்ட நெறிமுறைகள் தெளிவாக்கின. 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, 10 கிலோவாட் வரையிலான கூரை அமைப்புகளுக்குத் தொழில்நுட்பச் சாத்தியக்கூறு ஆய்வு தேவையில்லை. கார் சார்ஜிங்குக்கு விரும்பினால் தனி இணைப்பும் பெறலாம்.

வயல் பம்புசெட்டு இணைப்பைத் தொடக்கூடாது

படுகையில் வீட்டுக் கொல்லைக்கும் வயலுக்கும் இடையே தொலைவு குறைவு. பம்புசெட்டு மோட்டார் கொட்டகையில் மும்முனை மின்சாரம் இருக்கிறதென்று அங்கிருந்து காருக்குக் கம்பி இழுக்கும் எண்ணம் எழுவது இயல்பே. உழவுக்கென இலவசமாக அளிக்கப்படும் அம்மின்சாரத்தை வேறு பயனுக்குத் திருப்புவது, மின்சாரச் சட்டம் 2003-இன் 126-ஆம் பிரிவின்படி அனுமதியற்ற பயன்பாடாகும். உரிய கட்டண விகிதத்தின் இருமடங்கில் தொகை விதிக்கப்படும். சட்டத்தைத் தவிர்த்துப் பார்த்தாலும், பம்புசெட்டு வரிசையில் மின்னழுத்தம் ஏறி இறங்கும் அளவு காரின் சார்ஜருக்கு ஏற்றதன்று.

பணிகளின் வரிசை

பேட்டரியையும் இன்வெர்ட்டரையும் முதலில் வாங்கி, எர்த்தைக் கடைசியில் நினைப்பதே மிகப் பெரிய தவறு. வரிசை கீழ்க்கண்டவாறு அமைய வேண்டும்.

1. எர்த். கசியும் மின்சாரத்தை உடலுக்குள் விடாமல் மண்ணுக்குள் இறக்கும் ஏற்பாடு இது. தகட்டுப் பக்க நேர்மின்னோட்டத்துக்கு ஒன்று, வீட்டு மாறுமின்னோட்டத்துக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று என மூன்று எர்த் குழிகள் தனித்தனியே வேண்டும். ஒவ்வொன்றின் மின்தடையும் (ரெசிஸ்டன்ஸ்) 5 ஓமுக்குக் கீழ் இருப்பதைக் கருவியால் அளந்து காட்டச் சொல்ல வேண்டும். படுகையின் வண்டல் களிமண் ஈரமாக இருக்கும்வரை நல்ல எர்த்தைத் தரும். மேட்டூர் அணை திறப்பதற்கு முன், கோடையில் அம்மண் வெடித்துப் பிளக்கும் காலத்தில், அதே குழியின் மின்தடை பல மடங்கு உயரக்கூடும். கார்த்திகையில் அளந்து கிடைத்த நல்ல எண்ணை நம்பக்கூடாது. வேதாரண்யம் போன்ற மணற்பாங்கான கடலோரத்தில் குழி ஆழமாகவும், ஈரம் காக்கும் எர்த் கலவையால் நிரப்பப்பட்டதாகவும் இருக்க வேண்டும்.

2. மின்பளு. மின்வாரியம் வீட்டுக்கு அனுமதித்துள்ள உச்ச அளவே மின்பளு. காரின் 3 கிலோவாட்டைச் சேர்த்தால் அது மீறப்படுமா என்று பார்த்து, மீறுமானால் பிரிவு அலுவலகத்தில் கூட்டிக்கொள்ள வேண்டும்.

3. தனிக் கம்பி. காருக்கென மெயின் பெட்டியிலிருந்து தனி வரிசை இழுக்க வேண்டும். 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு 4 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி, 7.2 கிலோவாட் சுவர் சார்ஜருக்குக் குறைந்தது 6 சதுர மில்லிமீட்டர், தொலைவு கூடினால் 10. மிக்சிக்கும் சலவை இயந்திரத்துக்கும் போட்ட பழைய சாக்கெட்டில் காரைச் செருகினால், மணிக்கணக்கில் தொடர்ந்து ஓடும் மின்னோட்டத்தால் சாக்கெட் உருகும். எக்ஸ்டென்ஷன் பெட்டியை எந்நிலையிலும் பயன்படுத்தக்கூடாது.

4. பாதுகாப்புக் கருவிகள். அளவுக்கு மீறிய மின்னோட்டத்தை அறுக்கும் எம்.சி.பி., உயிர்காக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., இடியால் எழும் மின்னெழுச்சியைத் தடுக்கும் எஸ்.பி.டி. ஆகிய மூன்றும் காருக்கான தனிக் கம்பி வரிசையில் இருக்க வேண்டும். ஆர்.சி.சி.பி. வாங்கும்போது ‘ஏ’ வகை என்று கேட்டு வாங்க வேண்டும். சாதாரண வீடுகளுக்கு விற்கப்படும் ‘ஏசி’ வகை, கார் சார்ஜரிலிருந்து கசியக்கூடிய நேர்மின்னோட்டத்தின் முன் செயலிழக்கக்கூடும். 6 மில்லி ஆம்பியர் நேர்மின்னோட்டக் கசிவைத் தானே கண்டறியும் வசதி சார்ஜருக்குள் இல்லையென்றால் ‘பி’ வகை வேண்டும்.

5. சார்ஜர். காருடன் வரும் 16 ஆம்பியர் சார்ஜரே பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். வெயில் நேரமாகிய ஐந்து மணி நேரத்தில் அது 13 யூனிட்டை ஏற்றிவிடும். டியாகோ மின்காரின் 24 யூனிட் பேட்டரியோ, எம்ஜி காமெட்டின் 17.3 யூனிட் பேட்டரியோ அன்றாடம் காலியாவதில்லை. சுவர் சார்ஜர் வாங்குபவர்கள் மின்னோட்டத்தைக் குறைத்து வைக்க வசதியுள்ளதைத் தேர்ந்தால், மேகமூட்டத்துக்கேற்ப இழுவையைக் குறைத்துக்கொள்ளலாம். சர்வதேச நெறிப்படி 6 ஆம்பியருக்குக் கீழ் கார் சார்ஜ் ஆகாது. அதாவது சுமார் 1.4 கிலோவாட்டாவது கையிருப்பில் இல்லாதபோது மீதியை மின்வாரியக் கம்பிதான் தரும்.

6. தகடும் தாங்கு சட்டமும். தகடுகள் தெற்கு நோக்கி 10 முதல் 12 பாகை சாய்வில் அமைய வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணி வரை தென்னந்தோப்புகளும் மின்கம்பங்களும் சாய்ந்து, பல ஊர்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. சட்டம் ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதியின் காற்றழுத்தக் கணக்குப்படி வடிவமைக்கப்பட்டதற்கான சான்றை எழுத்தில் பெறாமல் வேலையைத் தொடங்க விடக்கூடாது. நாட்டு ஓட்டுக் கூரையின் மேல் தகடு ஏற்றுவதைத் தவிர்த்து, தரையிலிருந்து தூண் எழுப்பிய தனிச்சட்டத்தைத் தேர்வதே பாதுகாப்பு. கடலிலிருந்து சில கிலோமீட்டருக்குள் உள்ள வீடுகளில் உருகிய துத்தநாகத்தில் தோய்த்துப் பூச்சு பெற்ற இரும்பும் துருவேறா எஃகுத் திருகுகளும் வேண்டும்.

7. இன்வெர்ட்டர், அதன்பின் பேட்டரி, இறுதியில் நெட் மீட்டர்.

மின்தடையும் இன்வெர்ட்டரும்

தகட்டின் நேர்மின்னோட்டத்தை வீட்டுக்கேற்ற மாறுமின்னோட்டமாக மாற்றுவது இன்வெர்ட்டர். மின்வாரியக் கம்பியோடு இணைந்து மட்டுமே இயங்கும் வகை, மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும்; கம்பத்தில் ஏறியிருக்கும் பணியாளர் மேல் வீட்டு மின்சாரம் பாயாதிருக்கவே அவ்வாறு செய்யப்பட்டுள்ளது. மாதாந்திரப் பராமரிப்பு நாளில் வெயில் கொளுத்தினாலும் வீட்டில் மின்சாரம் இராது. அதை ஏற்க இயலாதவர்கள் பேட்டரியுடன் இயங்கும் ஹைபிரிட் இன்வெர்ட்டரைத் தேர வேண்டும்.

ஹைபிரிட் இன்வெர்ட்டருக்கு இரண்டு வெளியீடுகள் உண்டு. மின்தடையிலும் உயிரோடிருப்பது பேக்கப் பக்கம்; மின்வாரியத்தோடு சேர்ந்தே நிற்பது கிரிட் பக்கம். கார் சார்ஜரைக் கிரிட் பக்கத்தில்தான் இணைக்க வேண்டும். பேக்கப் பக்கத்தில் இணைத்தால், மின்சாரம் நின்ற நொடியில் காரின் 3 கிலோவாட் முழுவதும் வீட்டுப் பேட்டரியின் மேல் விழுந்து, ஒன்றரை மணி நேரத்தில் அதைக் காலியாக்கிவிடும்.

இங்கே உயிராபத்தான ஒரு பழக்கத்தைக் குறிப்பிட்டாக வேண்டும். மின்தடையின்போது இன்வெர்ட்டர் மின்சாரத்தில் காரைச் செருகினால், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இருக்க வேண்டிய தொடர்பு அங்கில்லாமையால், சார்ஜர் எர்த் கோளாறு என்று காட்டி நின்றுவிடும். அதைச் ‘சரிசெய்ய’ சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிடுபவர்கள் உண்டு. அவ்வாறு செய்தபின் நியூட்ரல் கம்பி எங்கேனும் அறுந்தால், காரின் உலோக உடல் முழுவதும் மின்னேறி, ஈரத்தரையில் நின்று கதவைத் தொடுபவரைக் கொன்றுவிடும். இத்தொடர்பை இன்வெர்ட்டரின் உள்ளமைந்த ரிலே வழியாக, தயாரிப்பாளரின் கையேட்டின்படி மட்டுமே ஏற்படுத்த வேண்டும்.

புயற்காலக் குறிப்பு: 2023-இல் வெளிவந்த புதிய நெக்ஸான் மின்கார் போன்ற சில கார்கள், தம் பேட்டரியிலிருந்து வெளியே மின்சாரம் தரும் வசதி கொண்டவை. விளக்கு, மின்விசிறி, கைப்பேசி போன்றவற்றை அதில் நேரடியாகச் செருகிப் பயன்படுத்தலாம். வீட்டுச் சாக்கெட்டில் அதைத் திருப்பிச் செருகி வீடு முழுவதற்கும் மின்சாரம் கொடுக்க முயலக்கூடாது.

பேட்டரிக்கும் காருக்கும் இடம்

லித்தியம் வகைகளில் எல்.எஃப்.பி. எனப்படும் இரும்பு பாஸ்பேட் வகையே வெப்பத்தை நன்கு தாங்குவது; வேறு வகையை வீட்டுக்குத் தேர வேண்டியதில்லை. பழைய ஈய-அமிலப் பேட்டரி மலிவு எனினும், அதன் கொள்ளளவில் பாதியையே எடுக்கலாம்; சார்ஜ் ஏறும்போது தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயுவையும் வெளியிடும். பழைய வீடுகளில் ரேழியில் இடமிருக்கிறதென்று பேட்டரியை அங்கே வைப்பது வழக்கமாகிவருகிறது. தீ நேர்ந்தால் வெளியேறும் ஒரே வழி அதுவே என்பதால் அங்கே வைக்கக்கூடாது. படுக்கையறை, மாடிப்படியின் அடி, நெல் மூட்டை அடுக்கும் அறை ஆகியவையும் ஆகா. மேற்கு வெயில் படாத, காற்றோட்டமுள்ள வெளிப்புறத் தாழ்வாரச் சுவரில், ஊரில் இதுவரை வெள்ளம் ஏறிய மட்டத்துக்கு இரண்டடியாவது மேலே பொருத்துவது ஏற்றது.

கீற்றுக் கொட்டகைக்குள் காரை நிறுத்திச் சார்ஜ் செய்யக்கூடாது. வைக்கோற்போருக்கும் சார்ஜ் செய்யும் இடத்துக்கும் நல்ல இடைவெளி வேண்டும். சம்பா அறுவடை முடிந்தவுடன் வயல் எலிகள் வீடுகளை நோக்கி வருகின்றன. அவை கடித்த கம்பியில் தீப்பொறி எழுவது அரிதன்று. தகட்டிலிருந்து இறங்கும் கம்பிகளை இரும்புக் குழாய்க்குள் செலுத்தி, குழாயின் வாயை எஃகு நாரும் சிமென்டும் கொண்டு அடைக்க வேண்டும்.

பராமரிப்பும் வெள்ளமும்

தை, மாசி மாதங்களில் அறுவடை இயந்திரங்கள் எழுப்பும் பதர்த்தூசியும், போகியன்று எரிப்பதால் எழும் கரியும் தகடுகளில் படிந்து உற்பத்தியைக் குறைக்கும். அக்காலத்தில் வாரம் ஒருமுறை, தகடு சூடேறுவதற்கு முன் விடியற்காலையில், மென்துணியும் உப்பற்ற நீரும் கொண்டு துடைக்க வேண்டும். உவர்ப்பான போர்த் தண்ணீர் வெண்கறையை விட்டுச் செல்லும். தகட்டின் மேல் ஏறி நிற்கக்கூடாது. வெளிச்சம் உள்ளவரை தகட்டில் மின்சாரம் உண்டு. அதை நிறுத்தும் விசை எதுவும் தகட்டில் இல்லை. ஆகையால் இணைப்புச் செருகிகளைப் பகலில் பிடித்து இழுத்தால் அணையாத தீப்பொறி எழும்.

அமைப்பை நிறுத்தும்போது காரின் சார்ஜிங், கார் வரிசையின் எம்.சி.பி., இன்வெர்ட்டரின் மாறுமின்னோட்ட விசை, தகட்டுப் பக்க விசை, பேட்டரி விசை என்ற வரிசையைக் கையாள வேண்டும். கையேடு வேறு வரிசையைச் சொன்னால் அதுவே செல்லும்.

வெள்ளத்தில் நனைந்த இன்வெர்ட்டரையோ பேட்டரியையோ காய்ந்துவிட்டதென்று கருதி இயக்கக்கூடாது. கதவின் அடிவிளிம்பு வரை நீரில் நின்ற காரை, சேவை மையம் சோதித்துச் சொல்லும்வரை சார்ஜ் செய்யக்கூடாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழை நாள்களில் உற்பத்தி வழக்கத்தில் கால்பங்காகவும் சுருங்கும் என்பதால், புயல் எச்சரிக்கை வந்தவுடனே மின்வாரிய மின்சாரத்தைக் கொண்டு காரையும் வீட்டுப் பேட்டரியையும் நிரப்பி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆண்டுதோறும் மே மாதத்தில், மண் வறண்டு வெடித்திருக்கும் நாளில், மூன்று எர்த் குழிகளின் மின்தடையையும் அளக்கச் செய்து, கிடைத்த எண்களைத் தேதியுடன் மெயின் பெட்டிக் கதவின் உட்புறத்தில் எழுதி ஒட்ட வேண்டும். 5 ஓமைத் தாண்டிய குழி சரிசெய்யப்படும்வரை காரை அந்த வீட்டில் சார்ஜ் செய்யக்கூடாது.